வெளிச்சம் பட்டா வளையுற கண்ணாடி: ஆறு வாரம் டேபிள்ல வச்சுப் பாத்தாச்சு

கோயம்புத்தூர்ல லேசர் மார்க்கிங் பட்டறை வச்சிருக்குற காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன மாசம் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, வெளிச்சத்தாலயே கண்ட்ரோல் பண்ற டீஃபார்மபிள் மிரர்னு ஒண்ணு இருக்காமே, பின்னாடி வயரே கெடையாதாமே, நம்ம மெஷினுக்கு வாங்கிப் போடலாமா?" நல்ல நேரத்துல கேட்டான், அந்த சாமான் அப்போ என் டேபிள் மேலதான் உக்காந்திருந்துச்சு. தனியா டைப் பண்றதுக்கு எல்லாருக்கும் சேத்தே எழுதிடலாம்னு தோணுச்சு. தம்பிக்கு பதில் மட்டும் போதும்னா, வாங்காத. ஏன்னு தெரியணும்னா முழுசாப் படி, ஏன்னா மட்டமான சாமான்னு நான் சொல்ல வரல.

நான் வேலை பாக்குறது இத்தாலில ஒரு ஆப்டிக்ஸ் லேப்ல. இத செஞ்சது ஒரு சின்ன குரூப், கையால ஒண்ணொண்ணா செய்றாங்க, டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு எங்களுக்கு இரவல் குடுத்தாங்க. குறையும் சொல்லப்போறதால பேரு வேண்டாம். ஐடியா புதுசு இல்ல, 2010லயே இத்தாலி, பிரான்ஸ் ஆளுங்க சேந்து இந்த மாதிரி ஒண்ண செஞ்சு அப்ளைடு ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்ல பேப்பர் போட்டுட்டாங்க. ஆனா கடைல போய் ஒண்ணு குடுங்கன்னு கேட்டு வாங்குற நெலமைக்கு இன்னும் வரல.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் விளக்கிடுறேன். லேசர் பீம் லென்ஸு, கண்ணாடி எல்லாம் தாண்டி வரும்போது அலைமுகம், அதாவது அலையெல்லாம் ஒரே சீரா வந்து நிக்குற பரப்பு, கோணல் மாணலாயிடும், ஃபோகஸ் பண்ணினா புள்ளியா விழாம சப்பையா விழும். அதுக்கு எதிர்க் கோணல எங்கயாவது குடுத்தா சரியாயிடும். அந்த எதிர்க் கோணல குடுக்குறதுதான் வளையுற கண்ணாடி, நாம சொல்ற வடிவத்துக்கு மைக்ரான் கணக்குல வளையும். கண்ணாடி ஒரு மைக்ரான் உள்ள போனா வெளிச்சம் போறப்ப ஒண்ணு வர்றப்ப ஒண்ணுன்னு ரெண்டு மைக்ரான் கூட நடக்கும், அதனால கொஞ்சம் அசைவே போதும். சரி பண்றதுக்குன்னு மட்டும் இல்ல, வேணும்னே பீம இழுத்து நீட்டி கோடாக்கலாம், நடுவுல குவிஞ்ச பீம தட்டையாக்கலாம், அதுக்குப் பேருதான் பீம் ஷேப்பிங்.

வழக்கமான கண்ணாடில பின்னாடி 37, 40, 140ன்னு எலக்ட்ரோடோ, வோல்டேஜ் குடுத்தா நீளுற பீசோவோ இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வயர், கட்டுக்கட்டா ரிப்பன் கேபிள், கூடவே ஒரு ஹை வோல்டேஜ் பெட்டி. இதுல அந்த கூத்தே கெடையாது. முன்னாடி 5 மைக்ரான் கனத்துல ஒரு நைட்ரோசெல்லுலோஸ் தோல், அலுமினியம் பூசி, 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு பறைத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கு. அதுக்குப் பின்னாடி 60 மைக்ரான் காத்து. அதுக்கும் பின்னாடி 1 மில்லிமீட்டர் கனத்துல பிஸ்மத் சிலிக்கன் ஆக்சைடு கிரிஸ்டல், நாங்க பிஎஸ்ஓன்னு சொல்லுவோம், அதோட முதுகுல வெளிச்சம் உள்ள போற மாதிரி ஐடிஓ எலக்ட்ரோடு. மொத்தத்துக்கும் ரெண்டே வயர், 250 வோல்ட் ஏசி. இருட்டுல பிஎஸ்ஓ கரண்ட விடாது, அதனால வோல்டேஜ்ல ஒரு பங்க அதுவே புடிச்சு வச்சுக்கும். நீலமோ பச்சையோ வெளிச்சம் பட்ட எடத்துல மட்டும் கரண்ட விட்டுக்குடுக்கும், அங்க வோல்டேஜ் காத்து இடைவெளிக்குப் போய்ச் சேரும், தோல் அந்த எடத்துல உள்ள இழுபடும். ஆகமொத்தம் புரொஜக்டர வச்சு முதுகுல படம் காட்டினா முன்பக்கம் அதுக்கேத்த மாதிரி குழியும். மொத தடவ பாத்தப்ப சின்னப் புள்ள மாதிரி சிரிச்சேன், பொய் சொல்லல.

படம் காட்ட அவங்க குடுத்தது ஒரு சின்ன டிஎல்பி புரொஜக்டர், குட்டிக் குட்டிக் கண்ணாடிங்கள அசைச்சுப் படம் காட்டுற வகை. இங்க ஒரு வேடிக்கை இருக்கு. டிஎல்பி உள்ள இருக்குற சிப் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக் 1987ல கண்டுபுடிச்சது, இப்ப அதுக்கு டிஜிட்டல் மைக்ரோமிரர் டிவைஸ்னு பேரு, ஆனா அவங்க ஆரம்பிச்சப்ப டிஎம்டின்னா டீஃபார்மபிள் மிரர் டிவைஸ், அதாவது வளையுற கண்ணாடிதான். அப்புறம்தான் வளையுறத விட்டுட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயுற கண்ணாடிக்கு மாறினாங்க. இப்போ அந்த சாயுற கண்ணாடி வந்து வளையுற கண்ணாடிய ஓட்டுது.

வயர் வேண்டாங்குற நெனப்பும் ரொம்ப பழசு. 1953ல ஹொரஸ் பாப்காக்ங்குற வானியல் விஞ்ஞானி வானத்து நட்சத்திரம் மினுமினுக்குறத சரி பண்ணலாம்னு மொத மொதல்ல எழுதினப்பவே அவர் யோசிச்சது கண்ணாடி மேல ஒரு எண்ணெய் படலம், எலக்ட்ரான் பீம் வச்சு அதுல மேடு பள்ளம் பண்றது. சுவிட்சர்லாந்துல தியேட்டர் ஸ்க்ரீனுக்குன்னு செஞ்ச ஐடோஃபோர் புரொஜக்டர்ல இருந்து எடுத்த ஐடியா அது. வயரெல்லாம் அப்புறம் வந்து சேந்ததுதான்.

சரி, கதை போதும், யூஸ் பண்ணின அனுபவத்துக்கு வரேன்.

பெட்டி பிரிச்சு மாட்டுறதுக்கு அரை நாள் ஆச்சு, அதுல முக்காவாசி நேரம் புரொஜக்டர் படத்த கிரிஸ்டல் மேல சரியா உக்கார வைக்குறதுக்கே போச்சு. புரொஜக்டர் 1024க்கு 768 பிக்சல். ஏழு லட்சத்து சொச்சம் புள்ளி, அத்தனையும் நம்ம கைல, வயர் கண்ணாடில வெறும் 37 அப்டின்னு நெனச்சு ஆசைப்பட்டது நெஜம். மொத நாளே ஒரு புள்ளிக் கோலத்த வரைஞ்சு முதுகுல அடிச்சேன். இன்டர்ஃபெரோமீட்டர்ல (மேடு பள்ளத்த வெளிச்சக் கோடா காட்டுற கருவி) என்ன தெரிஞ்சுச்சு தெரியுமா? ஒரு மொழுக்குனு இருக்குற குழி. புள்ளியும் இல்ல, கம்பியும் இல்ல. மார்கழி மாசம் வாசல்ல போட்ட கோலத்து மேல யாரோ ஒரு வாளி தண்ணிய ஊத்தினாப்ல இருந்துச்சு.

இதுக்கு அந்த குரூப்ப திட்ட முடியாது, இழுத்துக் கட்டின தோலோட கொணமே அப்டித்தான். தோல் அழுத்தத்த நேரா காப்பி அடிக்காது, ரெண்டு தடவ இன்டக்ரேட் பண்ணித்தான் காட்டும். நீங்க வரையுற கோடு பாதி சைஸ் ஆனா குழியோட ஆழம் கால்வாசி ஆயிடும், பத்துல ஒண்ணு ஆனா நூத்துல ஒண்ணு. அதனால ஏழு லட்சம் பிக்சல்ங்குறது கேட்டலாக்ல எழுதத்தான். உருப்படியா கைக்குக் கெடைக்குற வடிவம் சில டஜன், அவ்ளோதான், அதாவது வயர் கண்ணாடி குடுக்குற அளவேதான். யாராவது புரொஜக்டர் பிக்சல் கணக்க காட்டி விக்க வந்தா இத ஞாபகம் வச்சுக்கங்க.

இன்னொரு கொடச்சலும் இருக்கு, இது புரியுறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ஃபோகஸ் வேணும்னா முழுசா ஒரே வெளிச்சம் அடிச்சா போதும், கோமா (புள்ளி ஒரு பக்கமா வால் மாதிரி இழுபடுற கோணல்) வேணும்னா ஒரு பக்கம் அதிகமா ஒரு பக்கம் கம்மியா அடிச்சா வருது. அஸ்டிக்மாட்டிசம் (ரெண்டு திசைல ரெண்டு எடத்துல ஃபோகஸ் ஆகுற கோணல்) மட்டும் வரவே மாட்டேங்குது, வரைஞ்சு வரைஞ்சு பாத்தேன். அப்புறம்தான் பேப்பர்ல எழுதிப் பாத்தேன், அந்த சேணம் மாதிரி வடிவத்துக்கு லாப்லாசியன், அதாவது ரெண்டு திசை வளைவையும் கூட்டின கணக்கு, பூஜ்ஜியம்! தோல்ல அழுத்தம் குடுக்குறதே அந்தக் கூட்டலதான். அதாவது அந்த வட்டத்துக்குள்ள எவ்ளோ வெளிச்சம் அடிச்சும் பிரயோஜனம் இல்ல, வெளி ஓரத்துல இருந்துதான் இழுக்கணும். டில்ட்டுக்கும், அதாவது மொத்தமா சாயுறதுக்கும், இதே கதைதான். அதனால 10 மில்லிமீட்டர் தோல்ல நடுவுல இருக்குற 6 மில்லிமீட்டர மட்டும் பீமுக்கு வச்சுட்டு, வெளிய இருக்குற வளையத்த இழுக்குறதுக்குன்னு ஒதுக்கிட்டேன். உடனே வந்துச்சு. வயர் கண்ணாடி வச்சிருக்குறவங்களுக்கும் இதே பிரச்சனை உண்டு, ஆனா அவங்களுக்கு எலக்ட்ரோடு எங்க இருக்கோ அங்கதான், நகத்த முடியாது. இதுல வளையத்த எங்க வேணும்னாலும் வரையலாம், எட்டா பிரிக்கலாம் பன்னெண்டா பிரிக்கலாம், பீம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தா ஸ்க்ரூவ திருப்பிட்டு இருக்காம படத்தையே ஒரு மில்லிமீட்டர் தள்ளி வரையலாம். எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே இந்த ஒரு விஷயம்தான், மத்த எல்லா தொல்லையையும் இதுக்காக மன்னிக்கலாம்னு கூட சில நாள் தோணுச்சு.

ஏன்னா சென்னைல பிஎச்டி பண்ணினப்போ 37 சேனல் வயர் கண்ணாடி ஒண்ண வச்சு நான் பட்ட பாடு அப்டி. 19ஆம் நம்பர் சேனல் ஒரு நாள் செத்துப் போச்சு, நட்ட நடு எலக்ட்ரோடுக்குப் பக்கத்துல. கம்பெனிக்கு எழுதினா திருப்பி அனுப்பு பாக்குறோம்னாங்க, கஸ்டம்ஸ் பேப்பர நெனச்சு யாரும் அனுப்பல, கடைசி வரைக்கும் அந்த ஓட்டைய சுத்தியே சாஃப்ட்வேர் எழுதி தீசிஸ முடிச்சேன். வெளிச்சக் கண்ணாடில சேனலே கெடையாது, சாகுறதுக்கு ஒண்ணும் இல்ல. லென்ஸு மேல தூசி படிஞ்சா தொடச்சா ஆச்சு.

இப்ப குறைங்க. எவ்ளோ தூரம் வளையுதுங்குறதுல இருந்து ஆரம்பிக்கலாம். 250 வோல்ட்ல நடுவுல சுமாரா 5 மைக்ரான் உள்ள போகுது, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விளக்க அணைச்சாலும் அதுல பாதிக்கு மேல அப்டியே நிக்குது, ஏன்னா பிஎஸ்ஓவோட டைஎலெக்ட்ரிக் மாறிலி 56, காத்துக்கு 1, ரெண்டும் கெப்பாசிட்டர் மாதிரி வரிசையா நிக்குறப்போ இருட்டுலயே பெரும்பங்கு வோல்டேஜ் காத்துக்குப் போயிடுது. ஆக வெளிச்சத்தால நாம ஆட்டிப் பாக்க முடியுறது ஏறக்குறைய 2 மைக்ரான்தான். அந்த நெலையான குழிவால கண்ணாடி எப்பவுமே ஒரு குழிக் கண்ணாடி, அத ஈடு கட்ட தனியா லென்ஸ தள்ளி வைக்கணும். தோல் உள்ளதான் இழுபடும், வெளிய தள்ளாது, அதனால எப்பவும் பாதி வெளிச்சத்துல நிறுத்தி வச்சு அதுல இருந்து கூட்டிக் கொறச்சு ஓட்டணும். டிசி போட்டா இன்னும் மோசம், கிரிஸ்டல் உள்ள சார்ஜ் தேங்கி வடிவம் மெல்ல மெல்ல நகந்துட்டே போகுது, காலைல பாத்தது மத்தியானம் இல்ல. ஏசிலயே ஓட்டுங்கன்னு மேனுவல்ல ரெண்டாவது பக்கத்துல சின்ன எழுத்துல இருந்துச்சு, அத பெரிய எழுத்துல போட்டிருக்கலாம்.

வேகமும் கம்மி. கிரிஸ்டல் சோம்பேறி, புரொஜக்டர் 60 ஹெர்ட்ஸ், ஒரு ஃப்ரேமுக்கே 16 மில்லிசெகண்டுக்கு மேல ஓடிடும். டெலஸ்கோப்புல காத்தோட்டத்த சரி பண்ண நெனைக்குறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, அதுக்கு செகண்டுக்கு நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல மாத்தணும். அதுக்கு மேல டிஎல்பி சாம்பல் கலர காட்டுறதே சிப்ல இருக்குற குட்டிக் கண்ணாடிய மளமளன்னு ஆன் ஆஃப் பண்ணித்தான், கலர் வீல் வேற சுத்துது, அந்தத் துடிப்பு ஃபோகஸ்ல நடுக்கமா தெரிஞ்சுது. வீல கழட்டிட்டு நீல எல்ஈடி ஒண்ண மாட்டினப்புறம்தான் அடங்குச்சு. வாரண்டி போயிருக்கும்னு நெனைக்குறேன், கேக்கல.

அப்புறம் அந்த ரெண்டு நாள் கூத்த சொல்லியே ஆகணும். காலைல பதினோரு மணி சுமாருக்கு ஃபோகஸ் திடீர்னு நகரும், அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப வந்துடும். வோல்டேஜ் சப்ளைய மாத்திப் பாத்தேன், கேபிள மாத்தினேன், சாஃப்ட்வேர்ல தப்போன்னு ராத்திரி வரைக்கும் தேடினேன். கடைசில பாத்தா பக்கத்து ரூம்காரர் காபி மெஷினுக்குப் போறப்ப கதவத் தொறந்து வச்சுட்டுப் போறார், காரிடார் டியூப் லைட் வெளிச்சம் நேரா கண்ணாடி முதுகுல விழுது! வெளிச்சத்தால ஓடுற சாமான்னு தெரிஞ்சும் இது எனக்குத் தோணல பாருங்க. கருப்பு அட்டைல ஒரு மூடி செஞ்சு மாட்டினேன், கதவுல ஸ்டிக்கரும் ஒட்டினேன். இப்டி ஒரு மூடிய அவங்களே சேத்து அனுப்பியிருக்கலாம்ங்குறது என் வருத்தம். அதே மாதிரி நீங்க வளைக்கப்போற பீமே பச்சையா இருந்தா, அலுமினியப் பூச்சு மெல்லிசுங்குறதால கொஞ்சம் உள்ள கசிஞ்சு தன்னத்தானே வளைச்சுக்கும். சிவப்பு லேசர்ல இந்த வம்பு இல்ல, அத பிஎஸ்ஓ கண்டுக்காது.

மழை பேஞ்ச அன்னைக்கு தோல் தளந்து போச்சு. பறை அடிக்குறவங்க தீயில காட்டி சூடேத்திக்குவாங்க, நைட்ரோசெல்லுலோச தீயில காட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவன்னு திரும்ப காலிபரேட் பண்ணி ஓட்டினேன், ஒரு தடவைக்கு மூணு நிமிஷம், பெரிய கஷ்டம் இல்ல. ரூம்ல சத்தமா பேசினா கூட இன்டர்ஃபெரோமீட்டர் கோடு நடுங்கும், அது இப்டி தோல் இழுத்துக் கட்டின எந்தக் கண்ணாடிக்கும் உள்ளதுதான்.

இவ்ளோ சொல்லிட்டு ரிசல்ட் சொல்லாம போகக்கூடாது. 632.8 நானோமீட்டர் ஹீலியம் நியான் பீம்ல, மீதி இருக்குற கோணல் 45 நானோமீட்டர் ஆர்எம்எஸ்க்குக் (ஒரு வகை சராசரி) கீழ வந்தா கோணலே இல்லாத பீமோட உச்ச வெளிச்சத்துல 80 சதவீதம் ஃபோகஸ்ல கெடைக்கும், அதுதான் எல்லாரும் வச்சிருக்குற அளவுகோல். எனக்கு சாதாரண நாள்ல 50 நானோமீட்டர்ல நின்னுச்சு, ஒரு நல்ல நாள்ல 40. கையால செஞ்ச சாமானுக்கு இது மரியாதையான நம்பர். நடுவுல குவிஞ்ச பீம தட்டையாக்குறது ஓரளவுக்கு வந்துச்சு, ஓரத்துல ஒரு மெல்லிய வளையம் மட்டும் போக மாட்டேன்னுச்சு. நீளக் கோடு அழகா வந்துச்சு, நடு ராத்திரி வரைக்கும் அதையே நீட்டிக்கிட்டும் சுருக்கிக்கிட்டும் உக்காந்திருந்தேன். நடுவுல ஓட்டை உள்ள சுருள் பீம் மட்டும் நடக்காது, அதுக்கு அலைமுகத்துல ஒரு எடத்துல படி மாதிரி வெட்டு வேணும், தோல் எங்கயும் வெட்டா நிக்காது. அது வேணும்னா லிக்விட் கிரிஸ்டல் எஸ்எல்எம் வாங்குங்க, அலைமுகத்த பிக்சல் பிக்சலா மாத்துற சாமான் அது. ஆனா எஸ்எல்எம் ஒரே திசைல போலரைஸ் ஆன வெளிச்சத்ததான் ஒழுங்கா கவனிக்கும், கலர் மாறினா திரும்ப காலிபரேட் பண்ணணும், பிக்சல் இடைவெளில கொஞ்சம் வெளிச்சம் சிதறிப் போகும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை ஒண்ணும் இல்ல, மேல சொன்ன பச்சைக் கசிவ விட்டா எந்தக் கலரா இருந்தாலும் வடிவம் ஒண்ணுதான்.

இதே பிஎஸ்ஓ கிரிஸ்டல் அமெரிக்கால லேசர வச்சு அணுக்கரு இணைவு பண்ணிப் பாக்குற நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டிலயும் வேலை பாக்குது. அங்க 192 பீம். பெரிய லென்ஸுல எங்கயாவது சின்ன சேதம் இருந்தா அந்த எடத்துல மட்டும் பீம் விழாம நெழல் போடணும், அதுக்கு பிஎஸ்ஓவோட லிக்விட் கிரிஸ்டல சேத்து வெளிச்சத்தாலயே வரையுற வால்வு வச்சிருக்காங்க. ஆனா அலைமுகத்த சரி பண்ண ஒவ்வொரு பீமுக்கும் 39 ஆக்சுவேட்டர் (தள்ளி இழுக்குற பாகம்) உள்ள கண்ணாடிதான், வயரோட. ரெண்டு வித்தையும் கைல இருக்குற எடத்துலயே எதுக்கு எதுன்னு இப்டித்தான் பிரிச்சு வச்சிருக்காங்க, என் ஆறு வார அனுபவமும் கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிக்குது.

இப்ப தம்பி விஷயம். உன்கிட்ட இருக்குறது 20 வாட் ஃபைபர் லேசர், 1064 நானோமீட்டர். அலுமினியம் அந்த அலைநீளத்துல நூத்துக்கு அஞ்சு வரைக்கும் முழுங்கும், அதாவது ஒரு வாட், அது அப்டியே 5 மைக்ரான் பிளாஸ்டிக் தோலுக்குள்ள எறங்கும், பின்னாடி காத்து, சூடு போக வழியே இல்ல. உன் பல்ஸ் லேசரோட உச்சத்த நான் கணக்குலயே சேக்கல. மொத நிமிஷத்துலயே பொசுங்கிடும்டா. அது போக நீ நாள் பூரா ஒரே வடிவத்துலதான் மார்க் பண்றே, உனக்கு தட்டையான பீம் மட்டும் வேணும்னா அதுக்குன்னே வடிவம் மாறாத பீம் ஷேப்பர் இருக்கு, அசையுற பாகம் ஒண்ணும் இல்ல, அத லென்ஸுக்கு முன்னாடி மாட்டிட்டு மறந்துடலாம். வளையுற கண்ணாடி, வயரோ வெளிச்சமோ, டிரைவரோட சேத்தா ஒரு சின்ன கார் வாங்குற காசு ஆகும். அந்தக் காசுக்கு கூலர மாத்து, உன் பட்டறைல சித்திரை மாசம் அது படுற பாடு எனக்குத் தெரியும்.

யாருக்கு சரிப்படும்னா, கொறஞ்ச பவர்ல, மெதுவா மாறுற வேலைக்கு, வடிவத்த தெனமும் மாத்தி மாத்திப் பாக்குற லேப்புக்கு. மைக்ராஸ்கோப்புல சாம்பிள் மாத்துறப்ப எல்லாம் கோணல் மாறும், அதுக்கு அருமையா இருக்கும். பாடம் நடத்துறவங்களுக்கு இன்னும் நல்லாருக்கும், ஸ்டூடன்ட் விரலால வரைஞ்சத கண்ணாடி செய்றத நேர்ல காட்டலாம், பாடப் புத்தகத்துல நாலு பக்கம் எழுதினாலும் புரியாதது அரை நிமிஷத்துல புரியும். எங்க லேப்ல வாங்கப்போறோமான்னு கேட்டீங்கன்னா, அந்த மூடியும், கலர் வீல் இல்லாத புரொஜக்டரும், கொஞ்சம் கனமான கிரிஸ்டலும் போட்டுக் குடுத்தா வாங்கலாம்னு அவங்களுக்கே எழுதியிருக்கேன். பதில் வரல.

வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பணும். அதோட ஃபோம் பெட்டிய எங்க வச்சேன்னு ரெண்டு நாளா தேடிட்டு இருக்கேன்.